பிரிட்ஜர்வெயிட் ராட்சத வீரர்களுக்கான பிரிவு அல்ல

குத்துச்சண்டையின் மிக அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டுக்கு மேலே, மிகப் பெரிய உடல்வாகு கொண்டவர்களுக்காக, உலகப் பட்டங்களை வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி 'பிரிட்ஜர்வெயிட்' என்று ஒரு பிரிவு தொடங்கிவிட்டது என இங்கே சிலர் எழுதியிருக்கிறார்கள். சின்ன திருத்தம்: அது ஹெவிவெயிட்டுக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறது.

2020 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அந்தப் பிரிவின் எல்லை 200 முதல் 224 பவுண்டு வரை, அதாவது சுமார் 90.7 முதல் 101.6 கிலோ. அதற்கு அடுத்த கீழ்ப் பிரிவான க்ரூசர்வெயிட்டுக்குப் பெரியவர், ஹெவிவெயிட்டுக்குச் சிறியவர் என்று நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கானது. ஐபிஎஃப், டபிள்யூபிஓ ஆகிய மற்ற குத்துச்சண்டை அமைப்புகளில் இந்தப் பிரிவே கிடையாது.

ஹெவிவெயிட்டுக்கு எடை உச்சவரம்பு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 2009-இல் ஹெவிவெயிட் வீரர்களான டேவிட் ஹே 217 பவுண்டு, நிகோலாய் வாலுயெவ் 316 பவுண்டு. ஏறக்குறைய நூறு பவுண்டு வித்தியாசம், ஆனாலும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். (ஜெயித்தது ஹே!) ராட்சத வீரர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டுமா என்பது வேறு விவாதம்; அதைத் தாராளமாகப் பேசலாம்.

சரிபார்ப்பது எளிது. டபிள்யூபிசி தளத்தின் தரவரிசைப் பக்கத்தில் ஒவ்வொரு பிரிவின் பெயருக்குப் பக்கத்திலேயே எடை எல்லை இருக்கும். போட்டிக்கு முந்தைய எடை விவரங்களுக்கு குத்துச்சண்டைப் பதிவுகளைத் தொகுக்கும் பாக்ஸ்ரெக் தளத்தில் வீரரின் பெயரைத் தேடினால் போதும்.