பில் போட போன் நம்பர் எதற்கு?

போன மாதம் அரைக் கிலோ துவரம்பருப்பும் ஒரு குளியல் சோப்பும் வாங்கப் போனேன். பில் போடும் பெண் நிமிர்ந்து பார்க்காமலே, "நம்பர் சொல்லுங்கள் சார்" என்றார். தர மாட்டேன் என்றேன். கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியதையும் சொன்னேன். பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். கடைசியில் அந்தப் பெண்ணே பத்து ஒன்பதுகளைத் தட்டிப் பில்லைக் கிழித்துக் கொடுத்தார். எத்தனை பேர் வீட்டுப் பருப்பு அந்த ஒன்பதுகளின் கணக்கில் ஏறியிருக்கிறதோ!

"நம்பர் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு நாள் பில்லில் ஒன்றுமில்லைதான். இரண்டு வருடப் பில்களை ஒரே எண்ணில் கோத்துப் பாருங்கள். சர்க்கரை வாங்குவதை எப்போது நிறுத்தினோம், முதியோர் டயாப்பர் எந்த மாதம் வீட்டுக்குள் வந்தது, மாதக் கடைசியில் எண்ணெய் அரை லிட்டராக இறங்குகிறதா, எல்லாம் அதில் இருக்கிறது.

அமெரிக்காவின் டார்கெட் கடைகள் செய்ததை 2012இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. மணமில்லாத லோஷன், கால்சியம், துத்தநாக மாத்திரை என்று சுமார் 25 பொருள்களைக் கொண்டு, யார் கருவுற்றிருக்கிறார்கள் என்று அங்கிருந்த புள்ளியியலாளர்கள் கணித்தார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். பெண்கள் மிரள்வார்கள் என்று தெரிந்ததும், டயாப்பர் விளம்பரத்துக்குப் பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரத்தின் விளம்பரத்தைச் செருகினார்களே, ஏதோ தற்செயலாக வந்ததுபோல! அந்தக் கள்ளத்தனம்தான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் தெரு அண்ணாச்சிக்கும்தான் எல்லாம் தெரியும் என்று நண்பர் ஒருவர் மடக்கினார். தெரியும். அம்மா படுக்கையில் விழுந்தபோது, கஞ்சிக்கு நொய் எடுத்து வைத்துவிட்டு, "இன்றைக்கு எழுந்து உட்கார்ந்தார்களா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர் அவர். தெரிந்ததை மறைத்துக்கொண்டு அவர் என்னிடம் எதையும் விற்றதில்லை.

ஊர் முழுவதன் தரவையும் திரட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. சாலையில் நகரும் போன்களின் வேகத்தைத் தொகுத்துத்தான் கூகுள் மேப்ஸ் நெரிசலைச் சிவப்பாகக் காட்டுகிறது. நானும் அதைப் பார்த்துத்தான் கிளம்புகிறேன். பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களைக் கைவண்டியில் போட்டு இழுத்துச் சென்றபோது, காலியாக இருந்த தெருவும் மேப்பில் சிவந்தது. 2020இல் அந்தக் காணொளியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் நெரிசல் இருக்கிறது என்று சொல்ல, போகிறவர் யார், அவர் பையில் என்ன இருக்கிறது என்பது வேண்டியதில்லை. சோப்புக்குப் பில் போடவும் வேண்டியதில்லை.

நேற்று மறுபடி அதே கடைக்குப் போனேன். அந்தப் பெண் இந்த முறை நிமிர்ந்து பார்த்தார். எதுவும் கேட்காமல் ஒன்பதுகளைத் தட்டத் தொடங்கினார்.