அன்டால்யாவில் ஒரு கிரெம்ளின்

துருக்கியின் அன்டால்யா கடற்கரையில் கிரெம்ளின் பேலஸ் என்றொரு விடுதி இருக்கிறது. மாஸ்கோவின் செஞ்சதுக்கத்துக் கட்டடங்களைப் பார்த்து எழுப்பிய அந்த விடுதியில், புனித பசில் தேவாலயத்தின் வண்ணக் குவிமாடங்களுக்கு ஒரு நகல் நீச்சல் குளத்தின் அருகே நிற்கிறது. 1561-இல் கட்டி முடித்த அசலைத் தாண்டி நாள்தோறும் அலுவலகம் வரும் என் சக ஊழியர் ஒருவர், சென்ற கோடையில் குடும்பத்தோடு அங்கே தங்கிவிட்டு வந்து படங்களைக் காட்டினார். “இதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்?” என்று கேட்டேன். “அங்கே வெயில் இருக்கிறது” என்றார். மாஸ்கோவில் பன்னிரண்டு குளிர்காலங்களைக் கழித்துவிட்ட எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. 2017 டிசம்பர் மாதம் முழுவதும் சேர்த்து இந்நகரத்தில் பதிவான வெயில் 6 நிமிடம்தான்.

விடுமுறையை ரஷ்யாவுக்குள்ளேயே கழிக்க வேண்டும் என்ற பேச்சு இங்கே சில ஆண்டுகளாக வலுத்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், உள்நாட்டுப் பயணச் செலவில் 20 சதவீதத்தை அரசு திருப்பித் தரும் திட்டமும் வந்தது. அதில் எனக்குக் குறையில்லை. அந்தப் பேச்சோடு ஒட்டிக்கொண்டு வரும் நாட்டுப்பற்றுப் பாடத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வெளிநாடு போகிறவன் தன் வேரை மறந்தவன் என்று சொல்லிவிட்டு, அதற்குச் சாட்சியாக ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மரப்பொம்மையான மத்ரியோஷ்காவையும் தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் கலமான சமோவாரையும் கூண்டில் ஏற்றுகிறார்கள். அந்தச் சாட்சிகள் உண்மையைச் சொன்னால் வழக்கே தோற்றுவிடும்.

மத்ரியோஷ்கா தொன்மையான பொம்மை அல்ல, 1890-களில் பிறந்தது. கடைசல் செய்தவர் ஸ்வியோஸ்தோச்கின், வண்ணம் தீட்டியவர் ஓவியர் மல்யூத்தின். ஒன்றுக்குள் ஒன்றாக எட்டுப் பொம்மைகள்: எல்லாவற்றிலும் பெரியவள் தலையில் முக்காடிட்டு, கையில் கறுப்புச் சேவலோடு நிற்கும் கிராமத்துப் பெண், எல்லாவற்றிலும் சிறியது துணியில் சுற்றிய கைக்குழந்தை. ஜப்பானியப் பொம்மை ஒன்றைக் கண்டே இந்த யோசனை உதித்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். உலகம் அதைக் கவனித்தது 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் பெற்ற பிறகுதான். நான் போய் வந்த ரஷ்ய வீடுகளில் இந்தப் பொம்மை கண்ணில் பட்டது அரிது. மாஸ்கோவின் அர்பாத் தெருக் கடைகளில் விருந்தாளிகளுக்காகவே அது வரிசை கட்டி நிற்கிறது. சமோவாருக்குப் பெயர்போன ஊர் துலா. 1778-இலேயே லிசீத்சின் சகோதரர்கள் அங்கே பட்டறை நடத்தினார்கள். திருநெல்வேலிக்கே அல்வாவா என்று நாம் கேட்பதைப் போல, துலாவுக்குச் சொந்த சமோவாரோடு போகாதே என்று இவர்கள் சொல்வார்கள். ஆனால் அதில் காய்ந்த வெந்நீரில் ஊறிய தேயிலை சீனாவிலிருந்து வந்தது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. சோவியத் காலத்தில் தொழிற்சங்கம் கொடுக்கும் பயணச்சீட்டோடு சோச்சி, கிஸ்லவோத்ஸ்க் போன்ற உள்நாட்டு ஓய்வு நகரங்களுக்குப் போய் ஓய்வெடுக்க முடிந்த தொழிலாளிக்கு, எல்லை தாண்டுவதற்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. நட்பு நாடான பல்கேரியாவுக்குத்தான் ஓரளவு எளிதாகப் போக முடிந்தது; “கோழி ஒரு பறவையில்லை, பல்கேரியா ஒரு வெளிநாடில்லை” என்ற கேலி அந்த ஏக்கத்தில் பிறந்தது. வெளியேறும் உரிமை சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1993-இல். 2022-க்குப் பிறகு ரஷ்ய விமானங்களுக்கு ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டு, இங்கே வாங்கிய வங்கி அட்டைகளும் பெரும்பாலான நாடுகளில் செல்லாமல் போய்விட்டதால், பலருக்கு உள்நாட்டுப் பயணம் விருப்பத்தின் பேரில் அமைவதில்லை. இரண்டு கதவும் திறந்திருக்கும்போது ஒன்றில் நுழைவதற்குப் பெயர்தான் தேர்வு. ஒன்றைச் சாத்திவிட்டு மற்றதன் வழியாகப் போனவரைப் பாராட்டுவது எந்தக் கணக்கில் சேரும்?

என்னைக் கேட்டால், விடுமுறைக்கு நான் இரண்டு முறை தேர்ந்தது ரஷ்யாவின் வடமேற்கிலுள்ள கரேலியாவைத்தான். இரவு ரயிலில் அதன் தலைநகர் பெத்ரோசவோத்ஸ்க் போகும்போது, வேலைப்பாடு மிக்க உலோகப் பிடிக்குள் கண்ணாடித் தம்ளரைச் செருகி, பெட்டிப் பணிப்பெண் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் கொண்டுவருவார். வண்டி குலுங்கும்போது கரண்டி தம்ளரில் மோதிக் கிணுகிணுக்கும். எனக்கு ரஷ்யாவின் சின்னம் அந்தச் சத்தம்தான். காலையில் படகேறி ஒனேகா ஏரியில் கீழி தீவுக்குப் போனால், 1714-இல் மரத்தால் எழுப்பிய தேவாலயம் 22 குவிமாடங்களோடு நிற்கிறது. குவிமாடங்களைப் போர்த்தியிருக்கும் மரச்செதில்கள் மேகத்துக்கு ஏற்பச் சாம்பலாகவும் வெள்ளியாகவும் மாறுகின்றன. அண்மையில் அதைப் புதுப்பித்தவர்கள், மேல்பகுதியைத் தாங்கித் தூக்கி நிறுத்திக்கொண்டு, கீழேயிருந்து அடுக்கடுக்காக மரங்களைப் பிரித்துச் சீர்செய்து திரும்பப் பொருத்தினார்கள்.

இதையெல்லாம் அந்தச் சக ஊழியரிடம் விரிவாகச் சொல்லி, ஜூனில் அங்கே நள்ளிரவிலும் வெளிச்சம் முழுவதும் மறையாது என்று ஆசையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கொசு எப்படி?” என்றார். உண்மையைச் சொன்னேன். மறுநாள் அன்டால்யாவுக்கே மீண்டும் முன்பதிவு செய்துவிட்டார்.