ஆறு வீடும் ஓர் அக்காவும்

(பல ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற மங்களம், மேசையில் கிடக்கும் பளபளப்பான விளம்பரக் கையேட்டை மூக்குக் கண்ணாடி வழியாகவும் அதற்கு மேலாகவும் மாறி மாறிப் பார்க்கிறார். எதிரே அவருடைய தம்பி வேணு, பத்திரப் பதிவு முடிந்துவிட்டதைப் போலக் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறார்.)

வேணு: அக்கா, நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வசதியானவர்கள் மட்டுமே குடியிருக்கக்கூடிய, ஆறே வீடுகள் கொண்ட இந்தச் சிறிய அடுக்ககத்தை முழுவதுமாக வாங்கிவிடப் போகிறேன். இருபது ஆண்டுகளுக்கு விற்கவே மாட்டேன். இனிமேல் பணம் உழைக்கும், நான் தூங்குவேன்.

மங்களம்: நீ தூங்குவதற்கு இதுவரை பணம் தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லையே. கட்டடத்தில் எதைப் பார்த்து மயங்கினாய்?

வேணு: நுழைவாயிலில் பளிங்குத் தரை, தலைக்கு மேலே சரவிளக்கு, லிஃப்டின் மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. உள்ளே நின்றபோது என்னோடு இன்னும் மூன்று கட்டட உரிமையாளர்கள் நிற்பதைப் போலவே இருந்தது.

மங்களம்: உங்கள் நால்வரில் ஒருவராவது அந்த லிஃப்டின் இயந்திர அறையை எட்டிப் பார்த்தீர்களா?

வேணு: பார்த்தேன். உள்ளே ஒரு சிறு தகடு இருந்தது. தூசியைத் துடைத்துப் படித்தேன். அது செய்யப்பட்டு 22 ஆண்டுகள் ஆகின்றனவாம். எவ்வளவு அனுபவமுள்ள லிஃப்ட் என்று வியந்தேன்.

மங்களம்: லிஃப்டுக்கு அனுபவம் கூடினால் ஊதியம் கூடுவதில்லை, செலவுதான் கூடும். பொதுவாக இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அதன் முக்கியப் பாகங்களைப் பெரிய செலவில் மாற்ற வேண்டி வரும். அதாவது, பழைய உரிமையாளர் அனுபவித்த லிஃப்டுக்குப் புதிய உரிமையாளர் பணம் கட்டுவார். மேல்மாடி எப்படி இருந்தது?

வேணு: மிகவும் சுத்தம். ஐந்தாவது வீட்டின் கூடத்தில், கூரையின் ஒரு மூலைக்கு மட்டும் அன்றுதான் வெள்ளையடித்திருந்தார்கள். ஈரம்கூடக் காயவில்லை. நான் வருவதற்காகவே அடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

மங்களம்: நீ வருவதற்காகத்தான் அடித்திருப்பார்கள், அதில் எனக்கும் ஐயமில்லை. நான்கு மூலைகள் உள்ள கூரையில் ஒரு மூலைக்கு மட்டும் வெள்ளையடிப்பவர் அழகுக்காக அடிப்பதில்லை, கசிவை மறைக்க அடிக்கிறார். மொட்டை மாடித் தளத்தை ஒரு பொறியாளரை அழைத்துக்கொண்டு போய், முடிந்தால் மழை பெய்த மறுநாளே, பார்க்க வேண்டும்.

வேணு: சரி, பார்த்துவிடலாம். ஆனால் வருமானத்தைக் கேட்டால் நீயே எழுந்து நிற்பாய். விலையை 100 என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வாடகை 8. நூற்றுக்கு எட்டு, அக்கா!

மங்களம்: நான் உட்கார்ந்தே கேட்கிறேன். அந்த 8 என்பது ஆறு வீடுகளும் ஆண்டின் எல்லா நாள்களிலும் நிரம்பியிருந்து, ஆறு பேரும் தவறாமல் வாடகை கொடுத்து, ஒரு குழாய்கூடச் சொட்டாமல் இருந்தால் வருவது. அப்படி ஓர் ஆண்டு கையேட்டில் மட்டும்தான் வரும். ஆறில் ஒரு வீடு மூன்றரை மாதம் காலியாக இருந்தாலே ஏறத்தாழ 0.4 போய்விடும். மிச்சம் எவ்வளவு?

வேணு: 7.6. அதுவும் நல்ல எண்தானே?

மங்களம்: அவசரப்படாதே. சொத்து வரி, காப்பீடு, காவலாளி, துப்புரவு, பொது விளக்குகளுக்கான மின்கட்டணம், லிஃப்டின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், குடியிருப்பவர் மாறும்போதெல்லாம் வண்ணம் பூசுவது, தரகுக் கூலி, நாளைக்கு லிஃப்டும் மொட்டை மாடியும் கேட்கப்போகும் பெருந்தொகைக்கு இன்றிலிருந்தே ஒதுக்கி வைப்பது ஆகிய எல்லாவற்றையும் கூட்டினால் 3 என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிடக் கடுமையாகக் கணக்குப் போடுபவர்கள் மொத்த வாடகையில் பாதி செலவுக்கே போய்விடும் என்பார்கள். நான் உனக்குச் சலுகை காட்டியிருக்கிறேன்.

வேணு: அப்படியானால் கையில் நிற்பது 4.6. எட்டாகப் போனது எப்படி அக்கா இப்படி இளைத்துத் திரும்பியது?

மங்களம்: அதைத்தான் நிகர வருமானம் என்பார்கள். இன்னும் நீ கடன் தவணையே கட்டவில்லை, அதை மறந்துவிடாதே.

வேணு: அதற்கும் வழி வைத்திருக்கிறேன். விலையில் 70 பங்கை வங்கி கொடுக்கும், மாதத் தவணையை வாடகையே கட்டிவிடும். இருபதாவது ஆண்டு முடிவில், ஒரு துரும்பையும் அசைக்காமல், கட்டடம் என்னுடையது.

மங்களம்: 70ஐ 7 சதவீத வட்டிக்கு இருபது ஆண்டுகளில் அடைப்பதென்றால் ஆண்டுக்குத் தவணை மட்டும் ஏறத்தாழ 6.5 ஆகும். கையில் வருவது 4.6. ஆண்டுதோறும் 1.9ஐ உன் சம்பளத்திலிருந்து எடுத்து அந்தக் கட்டடத்துக்கு நீ கொடுப்பாய். இதில் யார் உரிமையாளர், யார் வாடகை கொடுப்பவர் என்பதை நீயே முடிவு செய்துகொள்.

வேணு: (காலைக் கீழே இறக்கியபடி) வங்கிக்காரர்கள் இதையெல்லாம் பார்க்க மாட்டார்களா?

மங்களம்: உன்னைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள். தவணை 1 என்றால் நிகர வருமானம் குறைந்தது 1.2, 1.25 ஆகவாவது இருக்க வேண்டும் என்று பல வங்கிகள் எதிர்பார்க்கின்றன. அந்தக் கணக்கில் 4.6 வருமானத்துக்கு ஏறத்தாழ 40தான் கடனாகக் கிடைக்கும். மீதி 60 உன்னிடம் இருக்கிறதா?

வேணு: என்னிடம் 30 இருக்கிறது, நம்பிக்கை 30 இருக்கிறது. அது போகட்டும், வாடகைதாரர்கள் தரும் முன்பணத்தை எடுத்துக்கொண்டால் என்ன?

மங்களம்: அது அவர்களுடைய பணம். போகும்போது திருப்பிக் கேட்பார்கள். விற்பவரிடம் இப்போது இருக்கும் முன்பணம் முழுவதையும் விலையில் கழித்துக்கொள்ளாமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், அவர் வாங்கிச் செலவழித்ததை நீ கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

வேணு: வருமானம் குறைந்தால் குறையட்டும் அக்கா, விலை ஏறுமே! பத்தே ஆண்டில் இரட்டிப்பாகும் என்று தரகர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மங்களம்: யார் தலையில்? பத்து ஆண்டில் இரட்டிப்பாக வேண்டுமானால் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 7.2 சதவீதம் ஏற வேண்டும். 72ஐ ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் விடை வந்துவிடும். இத்தாலியில் லூகா பாசியோலி 1494இல் அச்சிட்ட கணக்குப் புத்தகத்திலேயே இந்த வழி இருக்கிறது.

வேணு: அந்தப் பெரியவர் எத்தனை அடுக்ககம் வாங்கினார்?

மங்களம்: அவர் துறவி. ஆகவே இந்தத் தொல்லை அவருக்கு இல்லை. இன்னொன்றையும் கேள். காலப்போக்கில் விலை ஏறுவது பெரும்பாலும் நிலத்துக்குத்தான், கட்டடம் தேய்ந்துகொண்டே போகும். அதனால்தான் பல நாடுகளின் வரிச் சட்டங்கள் கட்டடத்துக்குத் தேய்மானம் கழிக்க விடுகின்றன, நிலத்துக்கு விடுவதில்லை. நீயோ சரவிளக்கைப் பார்த்துவிட்டு வந்து, மனையின் அளவு என்ன என்று கேட்டால் விழிக்கிறாய்.

வேணு: நீ இன்னும் கேட்கவேயில்லையே!

மங்களம்: மனையின் அளவு என்ன?

வேணு: (விழிக்கிறார்.) ...குடியிருப்பவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் என்பதையாவது நீ ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தகையவர்களிடம் வாடகைக்கு நாம் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

மங்களம்: தட்ட வேண்டியதில்லைதான். ஆனால் அவர்கள் உன் கதவைத் தட்டுவார்கள். கூடுதல் வாடகை கொடுப்பவர், நள்ளிரவில் வெந்நீர் வராவிட்டால் விடியும் வரை பொறுக்க மாட்டார். தொழில் மந்தமாகும் காலத்தில் இவர்கள் சிறிய வீட்டுக்கு மாறிவிடுவதும் உண்டு, அந்த வாடகைக்கு அடுத்தவர் எளிதில் கிடைப்பதும் இல்லை. அறுபது வீடுகள் உள்ள கட்டடத்தில் ஒன்று காலியானால் இழப்பு 2 சதவீதம்கூட இல்லை. உன் ஆறில் ஒன்று காலியானால் ஏறத்தாழ 17 சதவீதம் ஒரேயடியாகப் போகும்.

வேணு: ஒரு வீட்டைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். ஆறாவது வீடு என்றைக்கும் காலியாக இருக்காது, ஏனென்றால் அதில் நான் குடியேறப் போகிறேன்.

மங்களம்: வாடகை கொடுத்தா?

வேணு: சொந்தக் கட்டடத்தில் யாராவது வாடகை கொடுப்பார்களா?

மங்களம்: அப்படியானால் மீதியிருந்த 4.6இல் இன்னும் 1.33ஐக் கழித்துக்கொள். உன்னைப் போன்ற ஒரு குடித்தனக்காரர் போதும், தம்பி, வேறு நெருக்கடியே வேண்டாம். வாடகைப் பட்டியல் கொண்டு வந்திருக்கிறாயா?

வேணு: (ஒரு தாளை நீட்டியபடி) இதோ. ஐந்தாவது வீட்டுக்காரர்தான் எல்லோரையும்விட அதிக வாடகை தருகிறார். அவ்வளவு நல்ல மனிதர். நான் பேசிக்கொண்டிருந்தபோது விற்பவரின் மனைவியை அவர் ‘அக்கா’ என்று அழைத்தார்.

மங்களம்: மரியாதைக்காகவா?

வேணு: இல்லை, உடன்பிறந்தவராம்.

மங்களம்: கூரை ஒழுகும் வீட்டில், எல்லோரையும்விட அதிக வாடகை கொடுத்து, விற்பவரின் மைத்துனர் குடியிருக்கிறார். அந்த வாடகை ஒரு மாதமாவது வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பட்டியலை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம்.

வேணு: ஆக, வாங்கவே கூடாது என்கிறாய்.

மங்களம்: நான் அப்படிச் சொல்லவேயில்லை. கையெழுத்தான வாடகை ஒப்பந்தங்கள், நல்ல மனை, வழக்கும் வில்லங்கமும் இல்லாத பத்திரம், பழுதுக்கு ஒதுக்கிய கையிருப்பு ஆகியவை இருந்து, நடுவில் விற்க வேண்டிய அவசரமும் இல்லாவிட்டால், ஆறு வீட்டுக் கட்டடம் நல்ல முதலீடுதான். விலைதான் பொருந்தவில்லை. அக்கம்பக்கத்தில் இதே தரத்திலுள்ள கட்டடங்கள் என்ன விலைக்குக் கைமாறின?

வேணு: அவற்றில் நிகர வருமானம் நூற்றுக்கு ஆறு கிடைக்கிறதாம். தரகரே வாய்தவறிச் சொன்னார்.

மங்களம்: அவர் வாய் அடிக்கடி தவறட்டும். உனக்கும் அதே நூற்றுக்கு ஆறு கிடைக்க என்ன விலை கொடுக்கலாம் என்று, 4.6ஐ 6 சதவீதத்தால் வகுத்துப் பார். 77கூட வரவில்லை. மைத்துனரின் வாடகை பொய்யாக இருந்தால் இன்னும் இறங்கும். அதற்கு மேல் நீ கொடுப்பதெல்லாம் பளிங்குக்கும் கண்ணாடிக்கும்தான்.

(வேணுவின் கைப்பேசி ஒலிக்கிறது.)

வேணு: தரகர்தான், அக்கா! இன்னொருவர் இன்று மாலையே முன்பணத்தோடு வருகிறாராம், நாம் முந்திக்கொள்ள வேண்டுமாம். என்ன சொல்லட்டும்?

மங்களம்: இங்கே கொடு. (பேசியில்) வணக்கம், ஐயா. நாங்கள் வாங்குவதாகத்தான் இருக்கிறோம். கடந்த மூன்று ஆண்டுகளுக்கான பராமரிப்பு ரசீதுகள், ஆறு வீடுகளின் வாடகை ஒப்பந்தங்கள், வாடகை வரவு தெரியும் வங்கிக் கணக்கு விவரம், லிஃப்டின் சோதனை அறிக்கை ஆகியவற்றை அனுப்பி வைத்தால், ஒரு வாரத்துக்குள் எங்கள் விலையை எழுத்தில் தருகிறோம்... ஐயா? ஐயா?

வேணு: வைத்துவிட்டாரா?

மங்களம்: ரசீதுகளைத் தேடப் போயிருப்பார்.

வேணு: திரும்ப எப்போது அழைப்பார், அக்கா?

மங்களம்: ரசீதுகள் இருந்தால் நாளைக் காலை. இல்லாவிட்டால், அந்த இன்னொருவர் மாலையில் வரத் தவறிய பிறகு.