ஆர்தர் பீட்சனை அந்த ஒரு அடியோடு முடித்துவிடாதீர்கள்

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் வருடாவருடம் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடர் நெருங்கினாலே, பழைய ஆட்டக்காரர் ஆர்தர் பீட்சன் பேச்சு வந்துவிடும். கூடவே அந்தப் பழைய கதையும் வரும். 1980-இல் குயின்ஸ்லாந்து அணிக்கு இறங்கியவர், எதிரணியில் ஆடிய தன் சொந்த கிளப் தோழர் மிக் க்ரோனினையே போட்டு அடித்தார் என்ற கதைதான். சொல்பவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் உற்சாகம். எனக்கு ஆதங்கம். அத்தனை பெரிய ஆட்டக்காரரை ஒரே ஒரு அடியாகச் சுருக்கிவிடுகிறோமே!

ரக்பி லீக்கில் ஃபார்வர்டின், அதாவது முன்வரிசை ஆட்டக்காரரின், பிழைப்பு கஷ்டமானது. பந்தை வாங்கி, எதிரே வரிசையாக நிற்பவர்கள்மீது நேராகப் போய் மோத வேண்டும். விழ வேண்டும், எழ வேண்டும், பந்து கைமாறியதும் அதே உடம்போடு தடுக்கவும் வேண்டும். கைதட்டல் பெரும்பாலும் ஓரத்தில் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போடுகிறவருக்குத்தான்.

பீட்சன் இந்த வேலையையே மாற்றிக் காட்டினார். குயின்ஸ்லாந்தின் ரோமா என்ற ஊரில் 1945-இல் பிறந்தவர், ரெட்கிளிஃப் கிளப் வழியாக 1966-இல் சிட்னியின் பால்மெய்னுக்கு வந்தார். அந்த வருடம்வரை எத்தனை முறை பிடிபட்டாலும் பந்து அதே அணியிடம் இருக்கும். 1967-இல் நான்கு டேக்கிள்தான், அதாவது நான்கு முறைதான் பிடிபடலாம் என்று விதி வந்தது, 1971-இல் அது ஆறானது. வாய்ப்பு இப்படி எண்ணிக்கையில் அடங்கிய பிறகு, பிடிபட்டும் பந்தைச் சாகவிடாத ஆளுக்குத் தனி மதிப்பு. பீட்சன் அதில் மன்னன். கபடியில் நாலு பேர் அமுக்கிய பிறகும் கோட்டைத் தொடக் கை நீட்டுவாரே ரெய்டர், அந்த மாதிரி. இரண்டு மூன்று பேர் தொங்கும்போதும் அவர் கை மட்டும் வெளியே இருக்கும். பின்னால் வருகிறவருக்குப் பந்து மெதுவாகப் போய்ச் சேரும். தடுக்க வந்தவர்கள் எல்லாம் அவர்மேல் கிடப்பதால், வாங்கியவருக்கு முன்னால் வெற்றிடம். இன்றைக்கு ஃபார்வர்டை ஓடிய மீட்டரை வைத்து எடை போடுகிறார்கள். இந்த ஒரு பாஸின் மதிப்பு அந்தக் கணக்கில் எங்கே வரும்?

ஆரம்பத்தில் அவரைப் பாதி ஆட்டம் மட்டும் ஆடுகிறவர் என்று கேலி செய்தவர்கள் உண்டு. பீட்சன் பிறகு ஆடிய ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் என்ற சிட்னி கிளப்புக்கு ஜாக் கிப்சன் பயிற்சியாளராக வந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. பீட்சன் தலைமையில் அணி 1974, 1975 இரண்டு வருடமும் கோப்பை வென்றது. 1975 இறுதி ஆட்டத்தில் செயின்ட் ஜார்ஜுக்கு எதிராக 38-0.

அப்புறம், பலர் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று. அவர் பழங்குடி வம்சாவளியினர். 1966-இல் ஆஸ்திரேலிய ஜெர்சியை முதன்முதலாக அணிந்தபோது, நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் பழங்குடியினரைச் சேர்க்கக்கூடாது என்ற பிரிவு அரசியல் சட்டத்தில் அப்படியே இருந்தது. 1967 வாக்கெடுப்பில்தான் அது நீங்கியது. 1973-இல் அவர் ஆஸ்திரேலிய அணியின் கேப்டன். எந்த விளையாட்டிலும் அந்த நாட்டு அணிக்குத் தலைமை தாங்கிய முதல் பழங்குடி வீரர் அவர்தான். க்ரோனின் கதைக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டாமா?

சரி, 1980-க்கு வருவோம். அதுவரை எந்த மாநில கிளப்பில் ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்குத்தான் வீரர் ஆட வேண்டும். சிட்னி கிளப்களிடம் சூதாட்ட இயந்திர வருமானம் இருந்தது, நல்ல குயின்ஸ்லாந்துக்காரர்கள் எல்லாம் அங்கே போனார்கள், பிறகு சொந்த ஊரையே எதிர்த்து ஆடினார்கள். பீட்சனும் நியூ சவுத் வேல்ஸுக்குத்தான் ஆடினார். அந்த வருடத்தின் முதல் இரண்டு ஆட்டங்களும் பழைய முறையில் நடந்து, இரண்டிலும் குயின்ஸ்லாந்து தோற்றது. ஜூலை 8, பிரிஸ்பேனின் லாங் பார்க்கில் மூன்றாவது ஆட்டம் மட்டும், வீரர் முதன்முதலில் சீனியர் அளவில் ஆடிய மாநிலத்தின் அடிப்படையில். கேப்டன் பீட்சனுக்கு வயது 35, சிட்னியின் பாரமட்டா கிளப்பில் இரண்டாம் நிலை அணியில் ஆடிக்கொண்டிருந்தார். குயின்ஸ்லாந்து ஜெர்சியை அவர் அணிவது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு 20 வயது நிறைந்த குயின்ஸ்லாந்தின் மால் மெனிங்கா பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து ஏழு கோல் அடித்தார், 20-10 என்று வெற்றி. அதில் தோற்றிருந்தால் இந்தப் புது முறை ஒரு வருடச் சோதனையாகவே போயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்த வருடமும் டிவியில் அந்த அடியைப் போடுவார்கள். போடட்டும். கூடவே 1974, 75 இறுதி ஆட்டக் காட்சிகளையும் போடுங்கள். புதிதாக ஆட்டம் பார்க்க ஆரம்பித்திருக்கும் நம் பிள்ளைகள், ட்ரை போட்டவரை விட்டுவிட்டு, அதற்கு இரண்டு பாஸ் முன்னால் பந்து யார் கையில் இருந்தது என்று பார்க்கட்டும்.