எரிந்த கப்பலை யாராவது பத்து வருஷம் ரிப்பேர் பார்ப்பார்களா?

அர்ஜென்டினா கடற்படையின் ஐஸ் உடைக்கும் கப்பல் அல்மிராந்தே இரீசார் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்விதான் வருகிறது. ரிப்பேர் பார்த்தது தப்பே இல்லை என்பது என் கட்சி.

முதலில் அந்தப் பெயர். 1903-இல் ஸ்வீடன்காரர் நோர்டன்ஷோல்டின் அண்டார்டிக் பயணக் குழு ஐஸில் மாட்டிக்கொண்டது. அவர்கள் கப்பலை ஐஸ் நெரித்து பாலட் தீவுப் பக்கம் மூழ்கடித்துவிட்டது. ஆட்கள் மூன்று இடங்களில் பிரிந்து கிடந்தார்கள். உருகுவாய் என்ற சின்னக் கப்பலை ஓட்டிக்கொண்டு போய் அவர்களை மீட்டு வந்த அர்ஜென்டினா அதிகாரிதான் ஹூலியான் இரீசார்.

அவர் பெயரில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் கட்டிய கப்பல் இது. 1978-இல் கைக்கு வந்தது. 121 மீட்டர் நீளம். ஐஸ் உடைக்கும் கப்பல் என்றால் கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு போகும் என்று நானும் நினைத்திருந்தேன், அப்படி இல்லையாம், சரிவான அணியம், அதாவது கப்பலின் முன்பகுதி, ஐஸ் மேல் ஏறி உட்கார, கப்பலின் கனம் தாங்காமல் ஐஸ் நொறுங்கும், உடையவில்லையா, பின்னால் போய் மறுபடி வந்து ஏறும்.

சும்மா புனிதம் பூசவும் வேண்டாம். 1982 ஏப்ரலில் பிரிட்டன் கையில் இருந்த ஃபாக்லாந்து தீவுகளைப் பிடிக்க இறங்கிய அர்ஜென்டினா படையோடு இதுவும் போனது. அப்புறம்தான் வெள்ளையடித்து, செஞ்சிலுவை போட்டு, ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றினார்கள்.

சரி, தீ விஷயத்துக்கு வருகிறேன். 2007 ஏப்ரல் 10. அண்டார்டிக் வேலை முடிந்து திரும்பும் வழியில், அர்ஜென்டினாவின் தெற்கே படகோனியா கரைக்கு அப்பால், ஜெனரேட்டர் அறையில் தீ. இந்த மாதிரிக் கப்பலில் டீசல் என்ஜின் நேரே புரொப்பல்லரைச் சுற்றுவதில்லை. கரண்ட் தயாரிக்கும், அந்தக் கரண்டில்தான் மோட்டார் ஓடும். அதனால் அங்கே தீ என்றால் கப்பலே செத்த மாதிரி. இருநூறு பேருக்கு மேல் மிதவைகளில் இறங்கினார்கள், பக்கத்தில் போன கப்பல்கள் வந்து தூக்கிக்கொண்டன, ஒரு உயிர்கூடப் போகவில்லை. கேப்டன் கில்லெர்மோ தராப்போவ் மட்டும் இறங்க மறுத்து எரிகிற கப்பலிலேயே தனியாக இருந்தார். இரண்டு ஹெலிகாப்டர்கள் சாம்பல்.

அப்புறம் புவனோஸ் ஐரிஸில் தந்தனோர் என்ற கப்பல் கட்டும் தளத்தில் வருஷக்கணக்கில் கிடந்தது. இடையில் ரஷ்யக் கப்பலை வாடகைக்கு எடுத்துத்தான் தங்கள் அண்டார்டிக் முகாம்களுக்குச் சாமான் அனுப்பினார்கள். செலவு ஏறிக்கொண்டே போனது, தேதி தள்ளிக்கொண்டே போனது. அந்தத் தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், அது அசிங்கம்தான். ஆனால் எரிந்த கூட்டுக்குள் புது ஜெனரேட்டர், புது மோட்டார், பெரிய ஆய்வகம் எல்லாம் வைத்து 2017-இல் கடலில் இறக்கியது உள்ளூர்த் தொழிலாளிகள். அந்தக் கைப்பழக்கம் எந்த வாடகைக் கப்பலோடும் சேர்ந்து வராது.

திரும்பி வந்த முதல் கோடையிலேயே, 2018 மார்ச்சில், அண்டார்டிக்கின் ஜாயின்வில் தீவில் ஐந்து அமெரிக்கர்கள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய கப்பலால் ஐஸைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. இரீசார்தான் போய் ஹெலிகாப்டரில் ஏற்றி வந்தது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், 1903-இல் ஸ்வீடன்காரர்கள் தவித்த பாலட் தீவு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.