அது காகிதத் தட்டு இல்லை

1950-களில் அமெரிக்க இயக்குநர் எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் வரும் பறக்கும் தட்டுகள் காகிதத் தட்டுகள் அல்லது கார் சக்கர மூடிகள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பலரும் நம்புவதுதான், ஆனால் சரியில்லை. அவை அக்காலத்தில் லிண்ட்பெர்க் நிறுவனம் விற்ற பிளாஸ்டிக் மாதிரிகள். பாகங்களை ஒட்டிச் சேர்க்கிற சிறுவர் பொம்மை.

நீங்களே சோதிக்கலாம். ஹாலிவுட் மேல் தட்டுகள் தள்ளாடி வரும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். மேலே குமிழ் போல ஒரு கூண்டு தெரியும். அப்புறம் லிண்ட்பெர்க்கின் பழைய பறக்கும் தட்டு மாதிரியின் படத்தை இணையத்தில் தேடிப் பக்கத்தில் வையுங்கள், அதே வடிவம். கடைப் பொம்மையைக் கயிற்றில் தொங்கவிட்டு விண்வெளிப் படையெடுப்பைக் காட்டிய அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு இந்தப் படம் அவ்வளவு பிடிக்கும்.