லாபத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்

கத்துவது லீடர்ஷிப் இல்லை என்று அந்த வீடியோவின் கீழே நான் போட்டது இரண்டே வரி. அதற்கு எழுபதுக்கு மேல் பதில் வந்துவிட்டது. பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "அவர் கம்பெனி லாபத்தைப் பார்த்துட்டுப் பேசுங்க."

எந்த வீடியோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை, மூன்று நாளாக எல்லார் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. மேஜையைத் தட்டி, ஃபைலைத் தூக்கி எறிந்து, ஒரு சின்னப் பையனை இருபது பேர் முன்னால் "நீயெல்லாம் எதுக்கு வேலைக்கு வர்ற?" என்று கேட்கிறாரே, அந்தப் பெரிய மனிதர். கீழே இதயமும் நெருப்புமாகக் கொட்டிக் கிடக்கிறது. இதுதான் லீடர்ஷிப்பாம்.

சரி, லாபத்தையே பார்ப்போம். பதினாறு வருடம் கணக்குத் துறையில் குப்பை கொட்டியவன் நான். லாபம் என்கிற எண் எப்படிப் பிறக்கிறது என்று ஓரளவு தெரியும். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 401 நிதி அதிகாரிகளிடம் விசாரித்தார்கள். லாபம் மேடுபள்ளம் இல்லாமல் சீராகத் தெரிவதற்காகக் கம்பெனியின் உண்மையான மதிப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கவும் தயார் என்று 78 சதவீதம் பேர் சொன்னார்கள். மேலே இருப்பவர் எந்த எண்ணைக் கேட்கிறாரோ அந்த எண் வரும். அவர் கேட்கிற தோரணையைப் பொறுத்து சீக்கிரமாகவே வரும்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கத்துகிறவரிடம் கெட்ட செய்தி போய்ச் சேராது. சேராத செய்தி செலவாக மாறும். அந்தச் செலவு இந்த வருடக் கணக்கில் தெரியாது. நீங்கள் என் முகத்தில் வீசுகிற லாபம், செய்தி வந்து சேர்வதற்கு முன்னால் எடுத்த போட்டோ.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரிவ்யூ மீட்டிங். ஒன்பதே முக்காலுக்கு எங்களில் ஒருவர் எம்.டி.யின் டிரைவருக்குப் போன் போடுவார். "இன்னிக்கு எப்படிண்ணே?" அவர் "கொஞ்சம் சூடு" என்றால் அன்றைய ரிப்போர்ட்டில் இரண்டு பக்கம் காணாமல் போகும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த டிரைவருக்கு இருந்த செல்வாக்கு எங்கள் நிதித் துறைத் தலைவருக்கு இருந்ததில்லை.

அங்கே ஒரு பெரிய வாடிக்கையாளர் எட்டு மாதமாகப் பணம் தரவில்லை. தரவும் மாட்டார் என்பது எனக்குத் தெரியும், வசூலுக்குப் போய் வந்தவருக்கும் தெரியும். நிலுவைப் பட்டியலில் அந்தத் தொகையைத் தனியாகப் பிரித்து 'சந்தேகக் கடன்' என்று தலைப்புப் போட்டேன். என் மேலாளர் அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'தாமத வசூல்' என்று எழுதினார். நல்ல மனிதர். என் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்றுதான் செய்தார். "தலைப்பு மட்டும்தானேப்பா, எண் அப்படியேதானே இருக்கு" என்றார்.

எண் அப்படியேதான் இருந்தது. ஆனால் சந்தேகக் கடன் என்றால் லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். தாமத வசூல் என்றால் வேண்டாம். ஒதுக்காததால் லாபம் குறையவில்லை. லாபம் குறையாததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்காததால் அதே வாடிக்கையாளருக்கு லாரி லாரியாகச் சரக்கு போய்க்கொண்டே இருந்தது. ஒன்றரை வருடம் கழித்து ஆடிட்டர் கண்ணில் பட்டபோது நிலுவை மூன்று மடங்காகியிருந்தது. மொத்தத்தையும் ஒரே காலாண்டில் தள்ளுபடி செய்தோம். எம்.டி. மேஜையைத் தட்டினார். "ஏன் ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லல?" அறையில் பதினோரு பேர் இருந்தோம். பதினோரு பேரும் அவரவர் நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் சொந்தக் கதை யாருக்கு வேண்டும் என்பீர்கள். ஊரறிந்த கதையும் இருக்கிறது. ஆட்குறைப்புக்காகவே 'செயின்ஸா ஆல்' (செயின்ஸா என்றால் மரம் அறுக்கும் இயந்திர ரம்பம்) என்று பெயர் வாங்கிய ஆல் டன்லப். 1996-ல் சன்பீம் என்ற அமெரிக்க வீட்டு உபயோகப் பொருள் கம்பெனிக்குத் தலைவராக அவர் வருகிறார் என்ற அறிவிப்புக்கே பங்கு விலை ஒரே நாளில் ஏறக்குறைய 50 சதவீதம் ஏறியது. 12,000 ஊழியர்களில் பாதிப் பேரைக் குறைப்பதாகச் சொன்னார். மிரட்டலும் ஏச்சுமாக மீட்டிங் நடத்துகிறவர் என்று அவரிடம் வேலை செய்தவர்களே பின்னால் சொன்னார்கள். லாபமும் வந்தது! எப்படி வந்தது? கோடையில் விற்க வேண்டிய கிரில் அடுப்புகளைக் குளிர்காலத்திலேயே கடைகளுக்கு விற்றதாகக் கணக்கெழுதினார்கள், சரக்கு கிடங்கிலேயே கிடந்தது. 1997-ல் காட்டிய 18.9 கோடி டாலர் லாபத்தில் குறைந்தது 6 கோடி கணக்கு மோசடியில் வந்தது என்றது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம். 1998-ல் அவரையே வெளியே அனுப்பினார்கள். 2001-ல் கம்பெனி திவால். அடுத்த வருடம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 5 லட்சம் டாலர் அபராதம் கட்டிவிட்டுப் போனார். 1997-ல் யாராவது அவரை விமர்சித்திருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? லாபத்தைப் பார்த்துட்டுப் பேசுங்க.

நோக்கியாவும் அப்படித்தான். அங்கே வேலை செய்தவர்கள், வெளி நிபுணர்கள் என்று 76 பேரிடம் பேசி எழுதிய ஆய்வு 2016-ல் வந்தது. மேலே இருப்பவர்களின் கோபத்துக்குப் பயந்து, மென்பொருள் தயாராகவில்லை என்ற உண்மையை நடு மட்டத்தில் இருந்தவர்கள் சொல்லவில்லை. மேலே இருந்தவர்களோ எல்லாம் சரியாகப் போவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். உலகத்திலேயே அதிகமாகப் போன் விற்ற கம்பெனி அது.

உடனே "அப்போ ஸ்டீவ் ஜாப்ஸ்?" என்று வருவீர்கள். வந்துவிட்டீர்கள், நேற்றே ஒன்பது பேர். 1985-ல் ஆப்பிளிலிருந்து ஓரங்கட்டப்பட்டவரும் அதே ஜாப்ஸ்தான். அப்புறம் அவர் தொடங்கிய நெக்ஸ்ட், கம்ப்யூட்டர் தயாரிப்பதையே 1993-ல் நிறுத்தியது. அப்போதும் அதே குரல்தானே? குரல் மாறாமல் லாபம் மட்டும் மாறினால், லாபத்துக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதோடு, கத்துகிற எல்லாரும் ஜாப்ஸ் இல்லை. நான் பார்த்தவரை ஒருவர்கூட இல்லை.

ஆய்வு என்று சொன்னால் அதையும் என் மேலேயே திருப்புகிறார் ஒருவர். 'நான், நான்' என்கிற தலைவர்களைப் பற்றி 2007-ல் சாட்டர்ஜி, ஹாம்ப்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியது. ஆண்டறிக்கையில் தலைவரின் படம் எவ்வளவு பெரிசு, பேட்டியில் எத்தனை முறை 'நான்' வருகிறது என்றெல்லாம் அளந்தார்கள் (எனக்குப் பிடித்த ஆய்வு முறை). சராசரியில் அப்படிப்பட்டவர்களின் கம்பெனிகள் மற்றவற்றைவிட மோசமில்லை என்பது முடிவு. ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். மேலானவையும் இல்லை என்பதை மட்டும் அவர் எழுத மறந்துவிட்டார். ஏற்ற இறக்கம் அதிகம் என்பதையும்தான். சராசரி சரியாக இருக்கலாம். அந்த இறக்கத்தில் வேலை போனவனிடம் போய்ச் சராசரியைச் சொல்லுங்கள்.

தட்டிக்கொடுத்தால் மட்டும் லாபம் வந்துவிடுமா என்று கேட்கிறார்கள். வராது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆலன் முலாலி 2006-ல் ஃபோர்டு கார் கம்பெனிக்குத் தலைவராகப் போனபோது அந்த வருட நட்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். வாராந்தர மீட்டிங்கில் வேலை சரியாகப் போனால் பச்சை, சிக்கல் என்றால் சிவப்பு, நடுவில் மஞ்சள் என்று நிறம் காட்டச் சொன்னார். கம்பெனி மூழ்குகிறது, அத்தனை பேரும் பச்சை காட்டுகிறார்கள்! சரியில்லாதது ஒன்றுகூட இல்லையா என்று கேட்டார். பிறகு ஒருநாள் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற மூத்த அதிகாரி புது மாடல் ஒன்றுக்குச் சிவப்பு காட்டினார். அந்த ஆள் தீர்ந்தார் என்று அறையே நினைத்தது. முலாலி கைதட்டினார். அதற்கப்புறம்தான் மற்றவர்களின் அட்டைகளிலும் நிறம் வந்தது. அவர் ஒன்றும் சாது இல்லை, ஆட்குறைப்பும் செய்தவர்தான். ஆனால் சிவப்பைப் பார்த்துக் கைதட்டத் தெரிந்திருந்தது. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் மனு கொடுத்தன, ஃபோர்டு கொடுக்கவில்லை.

"நீ மட்டும் யோக்கியமா?" இல்லை. போன மாதம் ஒரு தம்பியிடம் வங்கிக் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று சத்தம் போட்டேன். மறுநாள் காலை ஒரு பைசா வித்தியாசமில்லாமல் கொண்டுவந்து வைத்தான். எப்படி ஒத்துப்போனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுத வைத்தது அந்த எழுபது பேர் இல்லை. நேற்று இரவு பதினொன்றரைக்கு வந்த ஒரே ஒரு கமெண்ட். "பிரஷர் தாங்காம ஓடிப்போனவங்கதான் இப்படிப் பேசுவாங்க. அந்தக் காலத்துல எங்க எம்.டி. போட்ட சத்தத்துலதான் கம்பெனி வளர்ந்துச்சு." அதற்கு நாற்பது லைக்.

சார், அந்தப் பதினோரு பேரில் நீங்களும் இருந்தீர்கள். எனக்கு நேர் எதிர் நாற்காலி. 'தாமத வசூல்' உங்கள் கையெழுத்து. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.